பம்பைச் சத்தம் கேட்டுவிட்டு வந்த பாலக்கோட்டுப் பெண்ணுக்கு

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "மாசி அமாவாசைக்கு எங்க ஆயாவோடு காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்குப் போனேன். பம்பைக்காரர்களுக்கு மிக அருகில் நின்றேன். அன்றிலிருந்து போனில் எந்தப் பாட்டைக் கேட்டாலும் ஏதோ குறைகிறது. நேரில் கேட்கிற இசை நம் ஊரில் வேறு என்ன இருக்கிறது? கூடப் படிக்கிறவர்கள் அதற்கெல்லாம் பெங்களூர்தான் போகணும் என்கிறார்கள். வீட்டில் படிப்பு கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். நான் எங்கிருந்து ஆரம்பிக்கட்டும், அக்கா?"

கண்ணு, போனில் குறைவது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது உன் மனப்பிரமை கிடையாது. பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு முழவுகள். ஒன்று மரம், இன்னொன்று வெண்கலம். இரண்டுக்கும் குரல் வேறு. அதில் அடியில் உறுமுகிற கனத்த சத்தத்தை நாம் காதால் மட்டும் கேட்பதில்லை. நெஞ்சுக்கூடும் அடிவயிறும் சேர்ந்து வாங்கிக்கொள்கின்றன. போனில் இருக்கிற ஸ்பீக்கர் விரல் நகம் அளவு. அந்தக் கனத்த சத்தம் அதிலிருந்து வெளியே வரவே முடியாது. நீ அன்று உடம்பால் கேட்டுவிட்டு வந்திருக்கிறாய். அதைத்தான் உன் உடம்பு திரும்பக் கேட்கிறது.

எனக்கு இது நடந்தபோது உன்னைவிட ஒரு வயது சின்னவள். 1990, வைகாசி மாதம். காரிமங்கலம் பக்கம் அத்தை ஊரில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம், மகாபாரதக் கதையை ராத்திரிதோறும் கூத்தாக ஆடுகிற திருவிழா. அத்தையோடு கோணிப்பையை விரித்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் களரி கட்டி, மேளதாளத்தோடு கூத்தைத் தொடங்கினார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வந்து சிரிக்க வைத்தான். அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. அத்தை மடியில் தூங்கிப் போனேன்.

விழித்தது இரண்டு மணிக்கு மேல் இருக்கும். கரண்ட் போயிருந்தது. அதுவரை கூம்பு ஸ்பீக்கரில் இரைந்துகொண்டிருந்த கூத்து சட்டென்று நின்றுவிட்டது. யாரோ பெட்ரோமாக்ஸ் தேடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு வருவதற்குள் இருட்டிலேயே கூத்து திரும்ப ஆரம்பித்தது, மைக் இல்லாமல். துரோபதை வேடம் கட்டியிருந்தவர் விருத்தம் எடுத்தார். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கினார்கள். முகவீணை என்கிற சின்னக் குழல் அதற்கு மேலே ஏறிக்கொண்டு போனது. ஆர்மோனியப் பெட்டி ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், தாளம் நடுவில் என்று ஒவ்வொரு சத்தமும் அதனதன் இடத்திலிருந்து வந்தது. அதுவரை எல்லாம் ஸ்பீக்கர் கட்டிய வேப்பமரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இருட்டில், கண்ணால் எதையும் பார்க்காமல், யார் எங்கே உட்கார்ந்து வாசிக்கிறார் என்று காதாலேயே எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அழுதேன். கதைக்காக அழவில்லை. அது துகிலுரிதல் ராத்திரி, சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கதைக்காக அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழுதது அந்தச் சத்தத்துக்கு.

விடிந்ததும் பெட்டி வாசித்த பெரியவரிடம் போய் நின்றேன். அவர் கட்டைகளைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். "பெட்டிய அப்புறம் கேளு பாப்பா. மொதல்ல தாளத்தக் கேளு. ராத்திரி பூரா அது ஒண்ணுதான் நிக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த நாலு கோடையும் அந்த செட்டு, அதாவது அந்தக் கூத்துக் குழு, எங்கே கூத்து கட்டினாலும், அத்தையோ அம்மாவோ துணைக்கு வர, போய் உட்கார்ந்தேன். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது, 2004இல்தான் தனியாகப் பிரிந்தது. ஊத்தங்கரை, மத்தூர், போச்சம்பள்ளி வரைக்கும் போயிருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கம் இசைக்கு அரங்கம் கிடையாது, டிக்கெட் கிடையாது. மாதம்தான் உண்டு. மாசியில் சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மன் மயானக் கொள்ளை. பம்பை, உடுக்கை, சிலம்பு கேட்க வருடத்தில் அதுதான் பெரிய நாள், அதை நீ கேட்டுவிட்டாய். பங்குனி தொடங்கி ஆனி, ஆடி வரை ஊருக்கு ஊர் பாரதம். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. ஆடியில் மாரியம்மன், காளியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவது, கரகம் எடுப்பது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லும் தீர்த்தமலைப் பக்கத்துத் தென்பெண்ணைக் கரையும் நிரம்பும். ஊர் ஊராகச் சாமியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், ஒவ்வொரு சாமியோடும் ஒரு மேளம் வரும். தைப்பூசத்துக்குத் தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தேர், பெண்களே வடம் பிடித்து இழுப்பது. தேருக்கு முன்னால் நாதஸ்வரம் போகும். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் சாயங்காலங்களில் மேடை நிகழ்ச்சிகள் உண்டு. அங்கே சத்தம் கலைந்து போகும், கேட்கத் தோதான இடம் இல்லை. ஆனால் ஒரே நாளில் பல செட்டுகளைப் பார்க்கலாம்.

எந்த ஊரில் என்றைக்கு என்று யாரிடம் கேட்பது? நோட்டீஸ் நம் ஊர் டீக்கடைச் சுவரோடு நின்றுவிடும். அதைவிட உறுதியான ஆள் ஒருவர் இருக்கிறார், மைக்செட்காரர். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எந்தத் தேதியில் காப்புக் கட்டுகிறார்கள், எத்தனை ராத்திரி கூத்து, எந்த செட்டு வருகிறது என்பதெல்லாம் அவருக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். பந்தல் போடுகிறவருக்கும் தெரியும். உன் அப்பாவையோ மாமாவையோ கேட்டு வாங்கித் தரச் சொல். இந்தப் பட்டியலைக் காலண்டரில் குறித்துவைப்பதுதான் உன் முதல் வேலை.

பொண்ணு ராத்திரி வெளியே போவதா என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் கூத்துக்களம் மற்ற இடம் மாதிரி இல்லை. அங்கே பெண்களும் குழந்தைகளும் முன்னால் ஒரே கூட்டமாக உட்காருவது வழக்கம், ஆண்கள் பின்னாலும் ஓரத்திலும் நிற்பார்கள். உன் ஆயாவை விடப் பெரிய துணை உனக்கு வேண்டியதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நடுராத்திரியில் முடிகிற கச்சேரி என்றால் வீடு திரும்ப வழி இருக்காது. கூத்து விடிய விடிய நடக்கிறது. முடியும்போது முதல் டவுன் பஸ் வந்துவிடும். 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. உனக்கும் ஆயாவுக்கும் போக வரச் செலவே கிடையாது. படிப்பைப் பற்றிக் கவலைப்பட்டால், பாரதம் சூடுபிடிப்பதே சித்திரை, வைகாசியில்தான், பரீட்சை முடிந்த லீவில்தான் என்று சொல். அந்த மாதங்கள் போதும். தேர்வு நேரத்தில் கண்விழித்துப் போய் உட்காராதே. அந்த விஷயத்தில் நான் உன் அம்மா பக்கம்.

போய் உட்கார்ந்ததும் எதைக் கேட்பது? எனக்குச் சொல்லப்பட்டதையே உனக்கும் சொல்கிறேன். தாளத்தைப் பிடி. அந்தச் சின்னப் பித்தளைக் கிண்ணி இரண்டும் எப்போது சேர்கின்றன, எப்போது விலகுகின்றன என்று தொடையில் தட்டிக்கொண்டே இரு. ஒரு மணி நேரம் அதைத் தவறவிடாமல் இருந்தால், மிருதங்கம் அதற்குள்ளே எங்கே ஓடிப்போய் எங்கே திரும்பி வருகிறது என்பது தானாகப் பிடிபடும். அதற்கப்புறம் பின்பாட்டு. ராஜா வேடம் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது பாதி அடியை அவர் விட்டுவிடுவார், பின்பாட்டுக்காரர்கள் எடுப்பார்கள். அவர் மூச்சு வாங்குகிற நேரம் அது. விடிய விடிய ஆடிப் பாடுகிற உடம்புக்கு அந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தால், கூத்துப் பாட்டு ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பது புரியும். முகவீணை எல்லா செட்டிலும் இப்போது இருப்பதில்லை. இருக்கிற செட்டு கிடைத்தால் எத்தனை ஊர் தள்ளி நடந்தாலும் போ. நாதஸ்வரத்தின் குட்டித் தங்கை மாதிரி இருக்கும், கூட்டத்தின் கடைசி ஆள் வரை அது போய்ச் சேரும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 2000ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்பாடு இருக்கிறது. அதற்காக எங்காவது மைக்கை நிறுத்திவிட்டுக் கூத்து நடந்தால் மற்றவர்கள் சலித்துக்கொள்வார்கள். நீ இன்னும் முன்னால் நகர்ந்து உட்கார். நான் 1990இல் கேட்டதை நீ அன்றைக்குக் கேட்பாய்.

ஒரே செட்டைத் திரும்பத் திரும்பக் கேள். புதிது புதிதாகத் தேடிக்கொண்டு ஓடுவதைவிட அது நல்லது என்பது என் அனுபவம். அர்ச்சுனன் தபசை மூன்று ஊரில் ஒரே கூத்து வாத்தியார் வேடம் கட்டிப் பார்த்தேன். பனைமரத்தில் ஏறிக்கொண்டே பாடுகிற பாட்டு அது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு, மேலே போய் எலுமிச்சையும் விபூதியும் கீழே போடுவார், பிள்ளை வரம் கேட்டு நிற்கிற பெண்கள் முந்தானையை ஏந்துவார்கள். முதல் ஊரில் மரத்தைத்தான் பார்த்தேன். இரண்டாவது ஊரில் பாட்டைக் கேட்டேன். மூன்றாவது ஊரில், அவர் ஏற ஏறக் குரல் தூரமாகப் போக, மிருதங்கக்காரர் அடியைக் குறைத்துக் குறைத்து அவருக்கு வழி விடுவது காதில் விழுந்தது.

தப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பறை என்றும் சொல்வோம். அதை நம் ஊரில் எல்லாரும் கேட்டிருக்கிறோம், யாரும் நின்று கேட்டதில்லை. இரண்டு குச்சி இருக்கும். கட்டையாக இருப்பது அடிக்குச்சி, நீளமாக மெலிசாக இருப்பது சிண்டுக்குச்சி. அடிக்குச்சி நடுவில் விழுந்தால் கனம், சிண்டுக்குச்சி தட்டினால் சுள்ளென்று வரும். தோல் கட்டிய தப்பை நடுநடுவே வைக்கோல் தீயில் காட்டுவார்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும், சூட்டில்தான் இறுகும். காய்ச்சியதும் முதல் அடி எப்படி மாறிவிடுகிறது என்று கவனி. இப்போது பிளாஸ்டிக் தோல் நிறைய வந்துவிட்டது, தீயே வேண்டாம். மழையில் வாசிக்கிறவருக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தோலின் குரல் வேறுதான். சாமிக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. கண்ணை மூடிக்கொண்டு எந்த வீட்டுக்கு எதற்கு அடிக்கிறார்கள் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எனக்குப் பதினேழு வயதில் ஓர் ஊர்த் திருவிழாவில் பார்த்ததைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. மூன்று நாள் தப்படித்து அந்த ஊரையே ஆட வைத்தவர்களுக்கு, மூன்றாம் நாள் சோற்றைக் கோயில் வேலிக்கு வெளியே தனியாகப் போட்டார்கள். என் வயதுப் பையன் ஒருவன், அவர்களில் ஒரு தாத்தாவை 'டேய்' என்று கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றினான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரை மணி நேரம் முன்பு அவர் அடித்த அடிக்கு என் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குச் சாமி வந்தது. அன்று நான் எழுந்து போய் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் அது என்னை விடவில்லை. நீ இந்த இசையை விரும்புகிறாய் என்றால், வாசிக்கிறவரை அண்ணா, தாத்தா என்று கூப்பிடு. பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள். அவர்கள் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்து சாப்பிடு. கூத்தில் கட்டியங்காரன் மைக்கில் பெயர் சொல்லி அன்பளிப்பு வாங்குவான். பத்து ரூபாய் கொடுத்தாலும் "முகவீணைக்கு" என்று சொல்லிக் கொடு. வேடம் கட்டியவருக்கு எல்லாரும் தருவார்கள், ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்கிறவரை யாரும் நினைப்பதில்லை.

நாதஸ்வரம் கேட்க உனக்குத் திருவிழா கூடத் தேவையில்லை. அடுத்த சொந்தக்காரக் கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்குப் போகாமல், விடிகாலையில் போய் மேளக்காரர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள். கூட்டம் வரும் முன்னால் தங்களுக்காகவே வாசிப்பார்கள், காலை ராகமான பூபாளம் காதில் விழலாம். ஒருவர் கேட்கிறார் என்று தெரிந்தால் வாசிப்பே மாறிவிடும், நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாமி புறப்பாட்டில் முதலில் வருவது மல்லாரி, கம்பீரநாட்டை ராகத்தில். அதை ஒரு தடவை தெரிந்துகொண்டால் எந்தக் கோயில் வாசலிலும் அடையாளம் கண்டுபிடிப்பாய்.

கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு பாடுகிற ஆர்கெஸ்ட்ராவை ஒதுக்கிவிடாதே. கீபோர்டு, ரிதம் பேட், பேஸ் கிடார் என்று ஒவ்வொன்றும் தனியாக என்ன செய்கிறது என்பதை உனக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டில் பிரித்துக் கேட்பது சுலபம். காது பழக அது நல்ல பள்ளிக்கூடம். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மட்டும் நிற்காதே. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதி பாதியாகக் குறையும் என்பது காதுக்குச் சொல்லப்படுகிற கணக்கு. திருவிழா ஸ்பீக்கர் அதைத் தாண்டித்தான் இருக்கும். மருந்துக்கடையில் நுரைக் காதடைப்பான் கிடைக்கும், பஞ்சு அந்த அளவுக்குத் தடுக்காது. வீடு திரும்பிய பிறகும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால் அன்று நீ நின்ற இடம் தப்பு.

பெங்களூருக்கும் போகலாம், போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர்தான். வேலைக்கோ படிப்புக்கோ நம் பக்கத்துப் பிள்ளைகள் எப்படியும் அங்கே போய்ச் சேருகிறார்கள். கூடப் படிக்கிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல். தகடூர் என்று நம் ஊருக்குப் பெயர் இருந்த காலத்தில், அதியமானைப் பற்றி ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 89ஆவது. பகை வேந்தன் ஒரு விறலியைப் பார்த்து, உங்கள் நாட்டில் போரிடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். மன்றத்தில் தொங்குகிற தண்ணுமை என்கிற முழவின் கண்ணில், அதாவது அதன் தோல் முகத்தில், காற்று மோதி ஒலி எழுந்தால்கூட, அதோ போர் என்று எழுகிற தலைவன் எங்களுக்கு இருக்கிறான் என்று அவள் பதில் சொல்கிறாள். விறலி என்றால் பாடி ஆடுகிற பெண். காற்று பட்ட தோலின் சத்தத்துக்கு உடம்பு துள்ளி எழுவது இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்று பார். அதைச் சொன்னதும் ஒரு பெண்.

கற்றுக்கொள்ளவும் தோன்றும், தோன்றினால் தள்ளிப்போடாதே. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம். பகல் நேர வகுப்பு என்பதால் பிளஸ் டூ முடித்துவிட்டுப் போவதுதான் உனக்குத் தோது. பிள்ளைகளுக்குக் கலை கற்றுத்தருகிற ஜவகர் சிறுவர் மன்றம் 16 வயது வரைதான், நீ விளிம்பில் இருக்கிறாய், இந்த வருடமே விசாரி. உன்னுடையது அரசுப் பள்ளி என்றால் 2022இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, அதில் பெயர் கொடு. பறை கற்றுக்கொடுக்கிற குழுக்களில் இன்று பெண்கள் நிறைய. பம்பையும் கூத்தும் பள்ளிக்கூடத்தில் வராது, அதற்கு வாத்தியார் வீட்டுத் திண்ணைதான். மதுரையில் பறை கற்பித்துவந்த வேலு ஆசானுக்கும், கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை உன் அப்பாவிடம் சொல்.

முதல் ராத்திரிக்கு உன் ஆயாவையே கூப்பிடு. அவருக்குத் தெரிந்த கதை வரிசை உனக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். பதினெட்டாம் போர் ராத்திரியாகப் பார்த்துப் போங்கள், ஏனென்றால் விடிந்ததும் படுகளம். ஊர்க்கோடியில் மண்ணால் துரியோதனனைப் படுத்த வாக்கில் செய்திருப்பார்கள், தென்னை உயரம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்ட மேளம் அங்கே நடந்து வரும், நீயும் அதோடு நடக்கலாம். சாயங்காலம் ஏழு மணிக்கே போய்க் கோணியை விரித்துவிடுங்கள், மேளக்காரர்கள் உட்காருகிற பெஞ்சுக்கு நேர் எதிரே. ஒரு போர்வை எடுத்துக்கொள், வைகாசியானாலும் மூன்று மணிக்குப் பனி இறங்கும். தூக்கம் வந்தால் தூங்கு, ஆயாவிடம் மட்டும் சொல்லிவை, முகவீணை எடுத்ததும் எழுப்பச் சொல்லி.